முத்திரை விழாத தராசு

செவ்வாய்ப்பேட்டையில்
ஒரு மில்லிகிராமுக்குக் கைகலப்பு நடந்ததுண்டு.
அதனால்தான் இந்தத் தராசு என்னிடம் வந்தது.
வெறுந்தட்டிலேயே எண்கள் நகருதாம்,
முத்திரை ஆபீசர் சீல் வைக்கமாட்டேன் என்றாராம்.
பவர்லால் சேட் கடைப்பையன்
பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.
லோடுசெல் மாற்றுவதற்குப் புதுசே வாங்கலாம்.
"நீயே வெச்சுக்கோம்மா" என்றார் சேட், போனில்.

மின்விசிறி போட்டால் ஏறும்.
தெருமுனையில் லாரி திரும்பினால் இறங்கும்.
குனிந்து மூச்சுவிட்டால்
மூன்று மில்லிகிராம் கனக்கிறேன்.
வெள்ளிக்கு ஆகாத இந்தக் குணம்
வேறெதற்காவது ஆகுமா என்று
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

பின்புறம் ஒன்பது துளை வாய் ஒன்று,
பில் மெஷினுக்காக வைத்தது.
நொடிக்குப் பத்துமுறை
எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்,
கேட்க ஆளில்லாவிட்டாலும்.
கேட்டேன்.
எழுபது வரியில் ஒரு நிரல்.
கிராமுக்கு இத்தனை அதிர்வு, அவ்வளவுதான் சட்டம்:
நூறு கிராம் படிக்கல்லுக்கு நானூற்று நாற்பது.

கொலுசைத் தட்டில் மெல்ல இறக்கினால்
கண்ணி கண்ணியாகச் சுருதி வழுக்கி ஏறுகிறது.
அது குலுங்கவே வேண்டாம்,
கிடந்தாலே போதும்.
ஜவ்வரிசியை விரலிடுக்கில் விட்டுப் பார்த்தேன்:
ஏறத் தெரிந்து
இறங்கத் தெரியாத ஒரு பாட்டு.
தட்டுவடை செட்டையும் வைத்தேன்.
சொல்லும்படி ஒன்றுமில்லை,
சட்னி உள்ளே இறங்கியதைத் தவிர.

ஜீவரத்தினம் மதிய ஷிப்ட் முடிந்து
சூரமங்கலத்திலிருந்து வருவாள்.
ஐந்து ரோட்டில் இடித்த லாட்ஜின் லிஃப்ட் பலகையை
இரும்புக் கடையில் நிறுத்து வாங்கியவள்.
மூன்றாம் மாடியை அழுத்தினால் முரசு,
கதவை மூடு என்றால் நிசப்தம்.
மேல்நோக்கிய அம்பு மட்டும்
என்ன செய்தும் வேலை செய்யவில்லை.
அதையும் வாசிப்பாள்.

ஆடியில் ஏற்காடு போனோம்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
தராசை மடியில் வைத்திருந்தேன்.
காபிக்கொட்டை இல்லாத காபிக் கொட்டகை,
பதினொரு பேர்,
ஒரே ஒரு பிளக்.
கொட்டகைக்காரர் செவத்தியான்
"எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று
ஆரம்பித்த பிறகு இரண்டு தரம் கேட்டார்.

கடையில் பதிவுசெய்த நானூற்று நாற்பதை
ஒலிக்கவிட்டு
அதே கல்லை அதே தட்டில் வைத்தேன்.
திரையில்
இருபத்துநாலு மில்லிகிராம் குறைவு.
எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்து வைத்தேன்.
மூன்று தரமும் இருபத்துநாலு.

என் விரல் தானாகவே
கேலிபரேஷன் பொத்தானுக்குப் போய்விட்டது,
பதினொரு வருடத் தொழில்.
இடம் மாறினால் தராசைத் திருத்தவேண்டும்,
மேலே போகப்போக பூமியின் பிடி
கொஞ்சம் தளரும் என்று
ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்பவள் நான்.
சொன்னதைக் காதால் கேட்டதில்லை.

கீழே ஒரு ஸ்வரம்,
இங்கே அதே ஸ்வரம் ஒரு மயிரிழை தாழ்ந்து.
இரண்டும் ஒன்றையொன்று தொட்டு
விம்மி, அடங்கி,
பத்து நொடிக்குச் சற்று முன்
மீண்டும் விம்மின.
ஜீவா எந்த மாடியையும் அழுத்தவில்லை.
விரலை எடுத்துவிட்டேன்.

மலையின் உயரம்
அப்படித்தான் இருந்தது, ஏறக்குறைய.
ஒரு குழந்தை தும்மியது,
சுருதி துள்ளித் திரும்பிவந்தது.

செவத்தியான் எழுந்தார்.
போகிறார் என்று நினைத்தேன்.
சுவரைத் தடவிப்போய்
டியூப்லைட்டை அணைத்தார்.
"அது உறுமுதுல்ல."

இருட்டில் சிவப்பு எண்கள் மட்டும்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஏழு ஆறு.
ஆறு ஐந்தானது,
ஏழானது.
யாரோ அருகில் வந்து நின்றிருக்கிறார்கள்.