அரை மாத்திரை

கடையின் பதினோரு திரைகளிலும்
ஒரே பஞ்சவர்ணக்கிளி சிறகு விரிக்கிறது.
"கிளியை அணை" என்றாள் ஸ்டெய்னுன்.
மழைக்கோட்டில் மீன்செதில்.
முதுகுப்பையிலிருந்து தன் விளையாட்டுப் பெட்டியை எடுத்து
தானே வயரைச் செருகினாள்.

வெளியே மதியம் மூன்றரை,
அக்குரேய்ரியில் இருட்டிவிட்டது.
உள்ளே ஒரு குகை, தீவட்டியோடு ஒருவன்.
அவள் பொத்தானை அழுத்துகிறாள்;
அவன் பிறகுதான் தாவுகிறான்.
பிறகு என்றால்
'க்' என்று சொல்ல ஆகும் அரை மாத்திரை.
அதற்குள் பள்ளம் விழுங்கிவிடுகிறது.

எண்பது லட்சம் புள்ளிகள் என்கிறான் ஓட்டர்,
கறுப்பு கறுப்பாகவே தெரியும்,
தவணையும் உண்டு.
அவள் வயரை அடுத்ததற்கு மாற்றுகிறாள்.
ஏழு தடவை செத்தான் தீவட்டிக்காரன்.

மூலையில் போன வருடத்து மாடல்,
விளிம்பில் கீறல், கொஞ்சம் வெளிறிய நிறம்.
அழுத்தினாள்.
விரலும் அவன் காலும் ஒன்றாய் எழும்பின.
"இதைக் கட்டு."

"சின்னது. கிளி இதில் எடுபடாது."

"படகில் வலை இழுக்கும் இயந்திரம் என் பொறுப்பு.
நிறுத்து என்று கத்துவார்கள், அழுத்துவேன்.
பத்து வருடத்தில்
ஒரே ஒருமுறை பிந்தியது."

யாருடைய கை என்று ஓட்டர் கேட்கவில்லை.
பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து
கிளியைத் திரும்பப் பறக்கவிட்டான்,
பத்துத் திரைகளில்.