பாண் வான்

மேல்தட்டில் ஆர்கலி படுக்கிறாள்,
கீழ்த்தட்டில் மாறன்.
முந்தி அங்கே அச்சுப்பாணும் றோஸ்பாணும்
அடுக்கியிருந்தது.
மாரி ஈரம் ஏறினால்
இப்பவும் தகரத்திலிருந்து ஈஸ்ட் மணக்கும்.
நித்திரைக்குள்ளேயே பசிக்குது என்பான் மாறன்.

எல்லாவற்றையும் கழற்றிய குகநேசன்
ஹோன் பாட்டை மட்டும் விட்டுவைத்தான்.
நெல்லியடிச் சந்தியில் ஒருநாள்
மாறனின் முழங்கை பட்டு அது பாடத் தொடங்க
ஏழெட்டுப்பேர் காசோடு ஓடிவந்தார்கள்.
பாண் இல்லை, தண்ணிப்பம்ப் திருத்துவம் என்றான் நேசன்.
ஒருத்தி திரும்பிப்போய்
உண்மையாகவே ஒரு பம்பைத் தூக்கி வந்தாள்.
அன்றைக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

இப்படித்தான் ஓடுகிறது.
வெங்காயத்துக்கு நீர் இறைக்கிற மாதம் புன்னாலைக்கட்டுவன்.
சோளகத்துக்கு மாதகல், கரையில் ஏற்றிய வள்ளங்களின் எஞ்சின்.
வாடை எழும்பினால் உள்பக்கம், பாசையூர்.

ஐம்பதுக்கு ஒன்று
என்று பெற்றோலுக்குள் ஒயில் கலந்து
பின்னம் படித்தாள் ஆர்கலி.
மாறனுக்கு 'ழ' இன்னும் கவிழ்ந்துதான் விழுகிறது,
ஆனால் சத்தத்தைக் கேட்டே
பிளக்கா காபரேட்டரா என்று சொல்லுவான்.

புளுகவில்லை.
மணற்காட்டில் அவனுக்கு நூற்றுமூன்று காய்ச்சல் அடித்த இரவு
மந்திகை ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டாள் தாதி.
வானின் நம்பரைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
பேனாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்,
நான் அக்காவின் விலாசத்தைச் சொல்லும்வரை.

விதானையாரும் கேட்டார்,
"உங்களை எங்க பதியிறது தங்கச்சி?
சில்லுக்கு விதானை இல்லை."

அக்கா கேட்டது வேறு.
"தொண்ணூற்றைஞ்சில நாவற்குழிப் பாலத்தில
விடிய விடிய அடியடியா நகர்ந்தனாங்கள்.
என்ர பாவாடையை விடாமப் பிடிச்சுக்கொண்டு வந்தனீ.
அது காணாதோ?
இப்ப ஆர் துரத்தினம் எண்டு ஓடுறாய்?"

அப்போது எனக்கு ஏழு வயது.
ஆரோ ஒருவரின் சைக்கிள் கரியரில்
சுவர் மணிக்கூடு ஒன்று
மழைக்குள் நனைந்து நனைந்து ஓடிக்கொண்டிருந்தது.
அது மட்டும்தான் ஞாபகம்.
அக்காவுக்குச் சொல்லாத பதில் ஒன்று உண்டு.
அந்தப் பாலத்தை
ஒருத்தரும் துரத்தாமல் கடந்து பார்க்கவேணும்.
பாதியில் நிறுத்தி இறங்கி நிற்கவேணும்.
பிள்ளைகள் கொக்கு எண்ணி முடிய
வந்த வழியே திரும்பவேணும்.

போன கிழமை
பாசையூர் பைப்படியில் பழக்கமான யதுசாவிடம்
ஸ்கொலசிப் மாதிரித்தாள் ஒன்றை
வாங்கி வந்திருக்கிறாள் ஆர்கலி.
மேல்தட்டில் போர்வைக்குள், ரோச் வெளிச்சத்தில்
ஒளித்து ஒளித்துச் செய்திருக்கிறாள்.
நாற்பதுக்கு முப்பத்தொன்று.
"அம்மா, நான் சோதினை எழுதட்டே?
ஒரு வருசம் ஒரே இடத்தில இருப்பம்.
யன்னலுக்கு வெளியில ஒரே மரம் நிக்கவேணும்.
என்ன மரமெண்டாலும் சரி."

அழவில்லை. தகப்பனிடம்
பன்னிரண்டாம் நம்பர் சாவி கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது.
இந்தச் சோதினைக்குப் பயந்தல்லவா,
பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்கு அழுகிற
அந்த வீடுகளுக்குப் பயந்தல்லவா
காணியை விற்று இதை வாங்கினோம்.
கேத்தலைச் சத்தமாக வைத்தேன்.
நேசன் பழந்துணியில்
விரல் விரலாகக் கிறீஸ் துடைத்தான்.
"எங்கட பிள்ளைதானே.
நாங்கள் இன்னும் போகாத இடம் கேக்கிறாள்."

இன்று கொக்குவிலில் ஒரு அறை பார்க்க வந்திருக்கிறோம்.
ஒழுங்கை ஒடுக்கம், வான் உள்ளே திரும்பாது.
யன்னலுக்கு வெளியே முருங்கை,
அதுவும் பாதி முறிந்தது.
ஆர்கலி கம்பிக்குள் கைவிட்டு
அதன் இலையைத் தொட்டுப் பார்க்கிறாள்.
வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதம் என்று
நான் மனதுக்குள் வசனம் கட்டும்போது

மாறன் ஹோனை அமத்திவிட்டான்.

பின்வளவுக்குள்ளிருந்து வீட்டுக்காரி
காசைக் கைக்குள் சுருட்டியபடி
செருப்புப் போடாமல் ஓடி வருகிறா,
"தம்பி, நில்லுங்கோ நில்லுங்கோ,
எனக்கொரு றாத்தல்."