முழ

விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பத்தில் ஜீப் ஏறுவோம்,
பதினாறு பேர், ஒரு ஸ்டெப்னி.
மேட்டுப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும்
ஒருத்தி மேல் ஒருத்தி சரிவோம்.
செக்போஸ்டில் டார்ச் அடிப்பார்கள்:
ரேஷன் அரிசி இருக்கா?
ஒருநாள் தூக்குவாளியையும் திறக்கச் சொன்னார்கள்.
பழைய சோறு, நாரத்தங்காய்.
போ என்றார்கள்.
எனக்கே தெரியாத ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு
இரண்டு வருடம் அப்படித்தான் கேரளாவுக்குள் போயிருக்கிறேன்.

கர்ப்பப்பையை எடுத்து ஒன்பது வருடம்.
தேனியில் எடுத்தார்கள்.
கொய்யாக்காய் அளவில் மூன்று நார்க்கட்டி.
"கெட்டது இல்லைம்மா, நல்ல கட்டிதான்."
வீட்டையே இடித்தாயிற்று, குடியிருந்தவன் எங்கே இருப்பான்
என்று நினைத்து வந்துவிட்டேன்.

இருந்திருக்கிறான்.
ஒரு ரத்தக்குழாயின் வாயில் தலையை விட்டு
மேலே, இன்னும் மேலே,
கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் பெரிய குழாய்க்கு,
ரத்தம் போகிற திசையிலேயே,
எதையும் கடிக்காமல், யாரையும் இடிக்காமல்.

ஏலச்செடி தலையில் காய்க்காது, தெரியுமா?
காலடியில் சரம் விட்டு
மண்ணோடு மண்ணாக ஊர்ந்து காய்க்கும்.
குனிந்தால்தான் கண்ணில் படும்.
எனக்குள் யார் குனிந்து பார்த்தது?

கொலுசு கணுக்காலில் இறுகியது.
ஏற்றத்தில் மூச்சு நின்று நின்று வந்தது.
வயசு என்றேன். ரத்தசோகை என்றேன்.
ஐப்பசி எடுப்பில், கையில் சரத்தோடு
விழுந்தேன்.
பவுனுத்தாய்தான் தூக்கிப் போட்டுக் கட்டப்பனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் ஜிஷா நெஞ்சில் அந்தக் குளிர்ந்த கருவியை
வைத்த இடத்திலேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.
பிறகு சொன்னாள்: "ஹ்ருதயத்தில் ஒரு முழ."
அவர்கள் பாஷையில் முழ என்றால் கட்டி.
என் காதில் விழுந்தது முழம்.
மல்லிகையா கனகாம்பரமா என்று கேட்டிருப்பேன்,
மூச்சு இருந்திருந்தால்.

கோட்டயத்தில் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.
இது இங்கே செல்லாது.
வயிற்றிலிருந்து இதயம்வரை கட்டிக்குச் செல்லுபடியானது,
அட்டைக்கு ஆகவில்லை.
தோடு போனது. பவுனுத்தாயின் தோடும் போனது.

"இதுவும் நல்ல கட்டிதானா?" என்றேன்.
"நல்லதுதான். எடுக்காவிட்டால் பிழைக்க மாட்டீங்க."
ஏலக்காட்டில் செருப்பில்லாமல் நடந்தவள் நான்.
நல்ல என்று நாங்கள் பேர் வைத்தது
ஒரு பாம்புக்கு.

வயிற்றையும் திறந்தார்கள், நெஞ்சையும் திறந்தார்கள்.
இதயத்தை நிறுத்தி வைத்திருந்தார்களாம்.
அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று
ரிப்போர்ட்டில் இல்லை.
சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்,
அதற்குச் சோறு போட்டது அவைதானாம்.

தட்டில் வைத்து என் வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்கிறார்கள்.
காசிமாயன், கம்பம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்.
வெள்ளையாக, வழுவழுவென்று, நனைந்த கயிறு மாதிரி.
கையை நீட்டாமலே சொன்னாராம்:
"ஒன்றரை முழம். கொஞ்சம் தாராளமாவே."
சொன்னவர் அங்கேயே
தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
மறுபடி முளைக்குமா என்றதற்கு
ஜிஷா மேசையைப் பார்த்தாள்.

இப்போதும் ராத்திரி கடை அடைத்து வரும்போது
எனக்குப் பூ வருகிறது.
முன்பு போல முழங்கையில் அளந்து, சுண்டி அறுத்து அல்ல.
வாழை இலையில் மடித்த
உதிரிப்பூ.
நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.