கீழிருந்து மேலாக

அந்தத் தாளைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும்.
நடுவில் ஒரு நெடுங்கோடு, அது முதுகெலும்பு.
இடப்பக்கம் இடது கால், வலப்பக்கம் வலது.
கட்டத்தை முழுக்கக் கருப்பாக்கினால் தாழ்வு,
புள்ளி வைத்தால் நடு,
சாய்கோடு போட்டால் உயரம்.
கட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம்.

அரைமண்டியை எழுதத் தொடங்கியதும்
பக்கம் பக்கமாய்க் கருப்பு.
பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய இரண்டு பென்சில்
கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துபோயின.
இருபத்தாறு வருடமாய் எவ்வளவு தாழ்ந்தே நின்றிருக்கிறேன் என்பது
தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

முதுகலை, இரண்டாம் பருவம். வயது முப்பத்து மூன்று.
பகலில் சிகாம்புட்டில் சரக்கு ஆபீஸ் இன்வாய்ஸ்.
இரவில் இது.
இடது முட்டியின் குருத்தெலும்பில் கிழிசல்.
பொது மருத்துவமனையில் 2087 எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்து
எட்டு மாதம் ஆடக் கூடாது என்று வாங்கிவந்த சீட்டை
டாக்டர் சியூவிடம் நீட்டினேன்.

"நீ ஆட வேண்டாம்.
எழுதியதை வேறொருவர் வாசித்து ஆடட்டும்.
வாய் திறக்காதே. காட்டித் தராதே.
உன் ஆய்வே அதுதான்."

அஸ்ருல், கோல திரங்கானுக்காரன்,
ஸாப்பின் ஆடி வளர்ந்தவன்.
அரைமண்டியில் அமர்ந்த முதல் வாரம்
"நாற்காலி எப்போது வரும்?" என்று கேட்டான்.
தொடைக்கடியில் கைகளைப் பூட்டிக்கொண்டு
ஸ்டூடியோ மூலையில் நான்.
உதட்டுக்குள் நாக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது:
தெய்யா தெய்.

மார்ச்சில், நாலு மணி மழை தகரத்தில் இரைய,
மூன்று பேர் முன்னால் ஆடினான்.
நான் எழுதியது நாலு. தகதிமி.
அவன் கால் சொன்னது ஐந்து.
தக தகிட. தக தகிட.
இடது பாதம் ஒவ்வொரு முறையும்
இருட்டில் செருப்பைத் தேடுகிறவனுடையதைப் போல்
ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது.

தப்பு என்று சொல்ல எழுந்துவிட்டேன்.
வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முந்திக்கொண்டார்:
"சதுசிரத்தைக் கண்டமாக்கிய இடம் அபாரம்.
இந்த முடிவுக்கு எப்போது வந்தீர்கள்?"

தாளை வாங்கி ஸ்கேலை வைத்தேன்.
இடப்பக்கக் கட்டங்கள் எல்லாமே
இரண்டு மில்லிமீட்டர் நீளம்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
படியிறங்கும்போது, பஸ் ஏறும்போது,
குளியலறை ஈரத்தில் திரும்பும்போது
கால் ஒளித்துவைத்ததைக்
கை எழுதிக்கொடுத்துவிட்டது.

போன ஆகஸ்டில், செந்தூல் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கியபோது
என்று சொல்லவில்லை.
"கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.
மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

கற்பித்தலுக்கும் மதிப்பெண் உண்டு.
சனிக்கிழமை, அடுக்குமாடி மண்டபம், ஏழு பிள்ளைகள்.
அவர்களுக்கு நான் ஆடிக்காட்டியதே இல்லை,
நடந்துதான் காட்டினேன்.
"டீச்சர், ஏன் எல்லாம் நொண்டுதுங்க?"
மைலோ பொட்டலத்தோடு வாசலில் நின்ற யாழ்மொழியின் அம்மா கேட்டார்.
ஏழு இடது கால்.
திருத்த மூன்று வாரம் பிடித்தது.
பிள்ளைகளைச் சொல்கிறேன்.

நவம்பரில் முட்டி ஆறிவிட்டது.
பிசியோ பெண் கைகுலுக்கி
பச்சை ரப்பர் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
இறுதி அரங்கேற்றம் நானே ஆடலாம் என்று கடிதம் வந்தது.
ஆடிப் பார்த்தேன்.
தகதிமி.
சுத்தமான நாலு, எங்கும் சிந்தாத நாலு.
கண்ணாடியில் தெரிந்தவளுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகமே இல்லை.
மறுபடியும் ஆடினேன்.
மறுபடியும் நாலு.
வேண்டுமென்றே தாமதித்தால் நடிப்பாக இருந்தது.

அஸ்ருல் தே தாரிக் பொட்டலத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து
தாளைத் தரையில் விரித்தான்.
வாய் திறக்கக் கூடாது என்ற விதி
அவனுக்கு இல்லை.
கடைசி வரிக்கும் கீழே விரலை ஊன்றினான்.

"இங்கிருந்து வா.
இடது.
கருப்பு.
கொஞ்சம் நீளம்."