ஏழாவது கட்டம்

நகரி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
ஏழாவது கட்டம் காரணத்துக்கு.
விரல் அகலம்தான் இருக்கும்.
தமிழில் சொல்கிறார்கள்,
நான் தெலுங்கில் எழுதுகிறேன்.

ஆணென்றால் அப்பு.
கடனுக்கு இங்கே அதுதான் சொல்;
எங்கள் தெருவில் சின்னப் பையன்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.
பெண்ணென்றால் கடுப்பு நொப்பி, வயிற்று வலி.
பதினோரு வருஷமாக
இந்த ஊர்ப் பெண்களுக்கு
வயிறு மட்டும்தான் வலிக்கிறது.

ரேணுகாம்பாளுக்கும் அதையே எழுதினேன்.
புருஷன் கட்டில் காலைப் பார்த்தபடி நின்றான்,
மாமியார் எனக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.
பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள்
பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா அக்கா என்றாள்.
எங்கே போக என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் வார்டில் தரையிலும் பாய்.
ஆண்கள் வார்டில் இரண்டே பேர்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
அது நல்ல சேதியாகப் பட்டது எனக்கு.
மற்றவர்கள் வேறு நோட்டில் இருந்தார்கள்,
பின்கட்டில், பச்சை அட்டை.
எட்டுத் தறி மொகிலீசுவரன் அதில்தான் இருக்கிறான்,
நூல் விலை ஏறிய மாதத்தில்.
முந்தின நாள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

செவ்வாய்க்கிழமைக் குழுவில் நாங்கள் பத்துப் பேர்
தவணைக்காகக் கத்துவோம்,
அவள் கட்டிய புதுச்சேலையை இவள் குத்திக்காட்டுவாள்,
மூக்கைச் சிந்துவோம்.
அவமானம்தான்.
ஆனாலும் பத்துப் பேருக்கும் தெரியும்
பத்துப் பேரின் பாக்கி.

என் வீட்டில் தணிகைவேலு
இருபது நாளாய்த் தட்டை எடுத்துக்கொண்டு
தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.
அந்தச் சத்தத்தில் எதையும் கேட்க முடியாது.

நேற்று கரண்ட் போனது.
நாலு தறியும் நின்ற நிமிஷத்தில்
கேட்டுவிட்டேன்:
செத்துப்போயிடலாம்னு தோணுதா?

ஆஸ்பத்திரியில் ஒருத்தரிடமும் இதை நான் கேட்டதில்லை.

நூல் பிசிறை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.
பிறகு ஒரு தொகை சொன்னார்.
பேர்களைச் சொன்னார், வட்டி சொன்னார்,
ரெண்டு தடவை தோணுச்சு என்றார்.

நானும் என் தொகையைச் சொன்னேன்,
காதில் கிடப்பது கவரிங் என்பதையும்.
உனக்கு எதுக்குடி கடன் என்றார்,
அவர் செருப்பை நான் மாட்டிக்கொண்டு போனதுபோல.
ஒரு சிரிப்பு கேட்டது.
இருட்டில் யாருடையது என்று தெரியவில்லை.

கரண்ட் வந்தது.
எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.
இன்னும் இருக்கு, கேளு என்றார்.