கரண்ட் இல்லாத வியாழன்

வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு
காலை ஐந்திலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் கிடையாது
என்று வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.
ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு
இதைவிடத் தெளிவாக யார் லீவு எழுதித் தர முடியும்?

கறுப்பாய் விழுந்து வீணான நகல் ஒன்றைத் திருப்பிப்போட்டு
"ஏரி" என்று தலைப்பு எழுதினேன்.
கீழே இன்லே. அதற்கு அடிக்கோடு வேறு.

மாரிக்கண்ணு மெழுகுவத்தியைத் தள்ளிவைத்து எட்டிப் பார்த்தாள்.
ராத்திரி வண்டியில் தாஜி.
தாஜியிலிருந்து மலை ரயில்,
அது மேலே ஏறுவதற்குள்
கூடையில் கிளம்பிய கொத்தமல்லி வாடிவிடும்.
போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.
"ஏரிக்கு எத்தனை நாள்?" என்றாள்.
கையில் இருந்தது ஒரு வியாழன்.

இன்லேயை அடித்துவிட்டு லோகா என்று எழுதினேன்.
ரங்கூன் விளிம்பில் ஏரி, நாம் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம்
அங்கிருந்துதான் வருகிறதாம்.
நம் குழாயில் சொட்டுவது எங்கே பிறக்கிறது என்று
ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமே.
"அங்கேயாவது பிரஷர் இருக்கிறதா, பார்ப்போம்."

ஊரைச் சுற்றிவரும் ரயில். தஞ்ஞின்கோனில் இறங்கினால்
காய்கறிச் சந்தை.
சந்தைக்கு வெளியே லைன்கார்.
இதுவரை சண்டை இல்லை.

மேற்கே போனால், கெமண்டைன், இன்செய்ன் வழி,
ஒன்றேகால் மணி.
கிழக்கே போனால், ஒக்கலாப்பா, மிங்கலாடோன் வழி,
இரண்டு மணி, எஞ்சினுக்கு மனசு வந்தால்.
இரண்டு வண்டியும் சேருமிடம் ஒன்றுதான், வட்டம் அல்லவா.
மேற்கு என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

"நான் கிழக்கே வருகிறேன்" என்றாள்.

என்ன கேட்டாள் என்று புரிய
மெழுகு அரை விரல் இறங்க வேண்டியிருந்தது.
நாமா, என்றேன். இல்லை, நான், என்றாள்.
கோபம் எதுவும் இல்லை குரலில்,
சீரகம் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில்
ஒரு ஜன்னலோரம்கூட அவள் தனியாக உட்கார்ந்ததில்லை.
நான் பக்கத்தில் இருந்தால் பெயர்ப்பலகை எல்லாம்
வாய்விட்டுப் படிப்பேனாம்.
படிப்பேன்தான்.

அதற்குள் எதிர்க்கடை ஊ தெய்ன்
சைக்கிள் டியூபோடு வந்து நின்று
எங்கே, எப்போது, படகு உண்டா,
மச்சினனையும் கூட்டி வரலாமா என்று கேட்டார்.
"கடைக்கு டோனர் வாங்கப் போகிறோம்" என்றோம்
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது.
தாளின் நடுவே கோடு கிழித்தேன்.
ரொட்டியும் தக்காளித் தொக்கும் என் பக்கம்.
குடை, ஃபிளாஸ்க், அவித்த கடலை அவள் பக்கம்.
அவள் வண்டி முன்னால் கிளம்பவேண்டும், ஆறு பத்து.
எனக்கு ஆறு ஐம்பத்தைந்து.
முதலில் வருகிறவர் கரும்புச்சாறு இரண்டு சொல்லி வைப்பது,
ஐஸ் ஒன்றில் மட்டும்.
ஒரு மணி நேரம் பார்த்தும் வராவிட்டால்
சந்தேகப்படக் கூடாது, ரயில் அப்படித்தான்.

புதன் சாயங்காலம் பலகையில் தாள் மாறியிருந்தது.
நாளைக்குக் கரண்ட் உண்டு. நாள் முழுக்க.
கல்லூரிப் பையன்கள் நாலு பேர்
நூற்றறுபது பக்க நோட்ஸோடு
காலையிலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாரிக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
ஃபிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்,
மூடியைத் தனியாக.

எழுந்து மெஷினைப் போட்டேன்.
அது சூடேறி முனகும் சத்தத்தில்
எங்கள் தாளைக் கண்ணாடிமேல் குப்புறப் படுக்கவைத்து
இரண்டு நகல், ஆளுக்கொன்று.
வெற்றுத் தாள் ஒன்றில் தடித்த எழுத்தில்
"மெஷின் ரிப்பேர்" என்று எழுதி
ஷட்டருக்கு ஒன்று, எடுத்தேன்.

அவளுடையதை நீட்டினேன்.
இன்னும் சூடாக இருந்தது.
இன்லேயை அடித்த கோடும்
அப்படியே விழுந்திருந்தது.