இருப்பில் பதினொன்று

திங்கள் காலை
களஞ்சியத்தில் பத்மசீலன் எண்ணிச் சொன்னார்:
மின்குமிழ் பதினொன்று.
தெருவிளக்குக் கேட்டு விண்ணப்பம் எழுபத்து மூன்று.
ஏணி ஒன்று. அதில்
மூன்றாம் படி இல்லை.

பதினொன்றும் பெட்டிக்குள் கிடந்து மூன்று மாதம்.
சபையில் உறுப்பினர் பதின்மூன்று பேர்.
வகுத்துப் பார்த்தோம், வராது.

நான் தவிசாளர்.
சொல் பெரியது. கதிரையும் பெரியதுதான்,
ஒரு கால் மட்டும் கட்டை.
முன்பிருந்தவர் மடித்துச் செருகிய
ஆதனவரிப் பற்றுச்சீட்டில் அது நிமிர்ந்து நிற்கிறது.

செவ்வாய், கட்டாக்காலி மாடுகள்.
பிடித்து அடைத்தோம் பதினேழு.
தண்டப்பணம் என்றதும்
ஒரு மாட்டுக்கும் சொந்தக்காரர் இல்லை.
பின்னேரம் ஒரு பசு சபை வளவிலேயே கன்று போட்டது.
"இதை எந்தப் பதிவேட்டில பதியிறது?"
செயலாளர் திலகேஸ்வரி கேட்டா.
"வருமானத்தில" என்றேன்.
நாலு மேசைகளும் சிரித்தன,
பெக்கோவுக்கு டீசல் இல்லையென்று
சொல்ல வந்தவரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

புதன் மழை. வியாழனும் மழை.
நாலாம் யூனிற்றிலிருந்து அழைப்பு:
"தவிசாளர், போன மாசம் நீங்கள் போட்ட வீதி
இப்ப என்ர வயலுக்குள்ள நிக்குது,
வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

என் மேசைக் கண்ணாடியின் கீழ் ஓர் அட்டை,
கொழும்புப் பயிற்சிப் பட்டறையில் தந்தது.
"நேர்மறையாகச் சிந்தியுங்கள்",
பல்லுத் தெரியச் சிரிக்கும் ஒரு சூரியன்.
அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
பின்பக்கத்தில் பெக்கோ திருத்துபவரின் இலக்கம்.

நம்பிக்கை எனக்குத் தானாக வருவதில்லை.
காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன், மண்வெட்டி மாதிரி.
இருட்டினதும் கழுவிச் சாத்துகிறேன்.
சில நாள் கழுவுவதுமில்லை.

வெள்ளி அமர்வு.
ஒரு வீதியின் பெயருக்காக மூன்று மணிநேரம்.
அந்த வீதி இன்னும் போடவில்லை.

முடிந்து வெளியே வர,
நனைந்த கடிதத்தோடு குலவீரசிங்கம்:
"எனது வயலோரக் கம்பத்தில் எரியும் விளக்கைத்
தயவுகூர்ந்து கழற்றவும்.
மொட்டைக்கறுப்பன் விதைத்துள்ளேன்.
வெளிச்சம் விழும் இடத்தில்
நெல்லுக்கு இரவென்று தெரியவில்லை."

போய்ப் பார்த்தேன்.
வயல் முழுக்கக் கதிர் பறிந்து சாய்ந்திருக்க,
கம்பத்தடியில் மட்டும் ஒரு வட்டம்,
பச்சையாய், விறைப்பாய்,
உறங்க விடாத பிள்ளைபோல்.

எழுபத்து மூன்று பேர் வெளிச்சம் கேட்கும் ஊரில்
ஒருவர் இருட்டுக் கேட்கிறார்.
வானத்தில் இரைச்சல் கேட்டால்
குப்பிவிளக்கை ஊதி அணைத்த ஊர் இது.
பதுங்குகுழிக்குள் தீக்குச்சி கிழித்ததற்கு
நான் அடி வாங்கியிருக்கிறேன்.
இவருக்கு இருட்டு வேண்டியிருப்பது
பயிர் தூங்க.

வரம்பில் நின்றபடி
அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.
செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது.

சனிக்கிழமை கஜரூபன் ஏறிக் கழற்றினான்.
பெட்டிக் கணக்கில் இல்லாத குமிழ்,
பங்குக்கு வராது, தீர்மானம் தேவையில்லை.
அப்படியே கொண்டுபோய்
ஆஸ்பத்திரி ஒழுங்கையில் பூட்டினோம்.
இரவுக் கடமை முடித்து
ஸ்கூட்டியை உருட்டி வந்த தாதி றெஜினா
கம்பத்தடியில் நின்று
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை. நேரம் பார்த்தா,
அவ்வளவுதான்.

ஞாயிறு. கந்தோர் பூட்டு.
கன்றுக்குத் தண்ணீர் வைக்க வந்த இடத்தில்
பதிவேட்டைத் திறக்கிறேன்.
இருப்பு: பதினொன்று.
விண்ணப்பம்: எழுபத்திரண்டு.

மூன்றாம் படி இன்னும் இல்லை.
இரண்டிலிருந்து நாலுக்குக் கால் எட்டி வைக்க
கஜரூபன் பழகிவிட்டான்.
நாளைக்கு ஒரு பலகை தேடவேண்டும்.